கல்லூரி முதல்வர் ஒருவர், செயலர் ஒருவர்: காசோலையில் கையெழுத்து யாருடையது?

தோழர்களே, தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றுக்கு, முதல்வர் வேலை எது, நிர்வாகச் செயலர் வேலை எது என்று பணி வரையறை எழுதுகிறோம். இதுவரை முதல்வரே செயலரும். இனி இரண்டு பேர்.

முதல்வர் நியமனத்தில் குழப்பம் இல்லை. தகுதி இருந்தால் போதும், பணிமூப்பைப் பார்க்க வேண்டியதில்லை என்று சிறுபான்மை நிர்வாகங்களுக்கு 2006-இல் மலங்கரா சிரியன் கத்தோலிக்கக் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அகாடமிக் கவுன்சிலுக்கும் (பாடத்திட்டம், தேர்வு பார்க்கும் குழு) நிதிக் குழுவுக்கும் முதல்வரே தலைவர், அதுவும் தெளிவு.

இடிப்பது பணத்தில்தான். வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான பதிவு, கல்லூரியை நடத்தும் சங்கத்தின் பெயரில். பணம் முதலில் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில் விழ வேண்டும். நிர்வாகச் செலவு அந்தப் பணத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆண்டறிக்கைக்குக் கெடு டிசம்பர் 31. செலவழிப்பவர் முதல்வர், கணக்குக் காட்டுபவர் செயலர் என்று வைத்தால், வவுச்சர் தேடியே ஆடிட்டர் அலுத்துப்போவார்.

சுயநிதிப் பிரிவுக் (அரசு உதவி இல்லாத பாடப்பிரிவுகள்) காசோலைக்குக் கூட்டுக் கையெழுத்தா? எத்தனை ரூபாய் வரை முதல்வர் தனியாகப் போடலாம்? மெமோ முதல்வர், சஸ்பென்ஷன் செயலர் என்று பிரித்தவர்கள் உண்டா? சாப்ளின் (கல்லூரியின் ஆன்மிகப் பணியைப் பார்க்கும் குருவானவர்) யாருக்குக் கீழ்? (பேராயர் தலைவராக இருக்கும் கல்லூரிகளில் இது பெரிய தலைவலி.)

விதிமுறை நகல் இருந்தால் கல்லூரிப் பெயரை மறைத்து அனுப்புங்கள்.