பனியில்லாத மாதத்தில் பனிச்சறுக்கு ஊர்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா (காலை 7:05):
அனைவருக்கும் காலை வணக்கம். ஆல்ப்ஸில் கயல் வேலை பார்க்கும் பனிச்சறுக்கு ஊருக்கு வரும் ஆகஸ்ட் முதல் வாரத்தில் நானும் உங்கள் பெரியம்மாவும் போய்ப் பத்து நாள் தங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பனியே இல்லாத மாதத்தில் அங்கே என்ன இருக்கும், திருவிழா முடிந்த மறுநாள் திடல்போல வெறிச்சோடிக் கிடக்காதா என்பதுதான் என் ஐயம். கயல், நேரம் கிடைக்கும்போது சொல்.

கயல் (காலை 9:40):
வணக்கம் பெரியப்பா. வெறிச்சோடிக் கிடக்கும் என்ற கவலையே உங்களுக்கு வேண்டாம். கூட்டத்தைப் பற்றித்தான் நான் உங்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. நான் இங்கே சேர்ந்த முதல் ஆண்டில் கோடை என்றால் ஆட்களை மலைமேல் ஏற்றும் லிஃப்ட்டுகளைப் பிரித்துப் பழுது பார்க்கும் காலம் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது ஜூலை பிறந்துவிட்டால் காலை எட்டரை மணிக்கே ரோப்கார் வாசலில் வரிசை நிற்கிறது. கீழே சமவெளி நகரங்களில் வெயில் 36, 37 டிகிரிக்குப் போகும் வாரங்களில் அந்த வரிசை இரு மடங்காகிவிடும். உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பெரியப்பா வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம்தானே. எங்கள் மேல்நிலையம் 2100 மீட்டரில் இருக்கிறது, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கதிர் (காலை 9:58):
இதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கனடாவின் விஸ்லர் என்னும் பனிச்சறுக்கு ஊரில் குளிர்காலத்தைவிடக் கோடையில்தான் அதிகம் பேர் வருகிறார்கள். பனி குறைந்துகொண்டே போகிறதே, இந்த ஊர்களெல்லாம் என்ன ஆகும் என்று ஒப்பாரி வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். குளிர்காலம் கைவிட்டால் கோடை தாங்கிக்கொள்ளும்.

கயல் (காலை 10:20):
கதிர் அண்ணா, நீங்கள் சொன்ன எண்ணிக்கை சரிதான். ஆனால் அந்த எண்ணிக்கை தலைகளை எண்ணுகிறது, லிஃப்ட் பயணங்களை எண்ணுவதில்லை. பனிச்சறுக்குக்கு வருபவர் ஒரே நாளில் பத்துப் பதினைந்து முறை மேலே ஏறுவார், அதற்கேற்ற விலையில் நாள் சீட்டு வாங்குவார், பலகையையும் காலணியையும் வாடகைக்கு எடுப்பார், பயிற்சியாளருக்கும் பணம் கொடுப்பார். கோடையில் வருபவர் காலையில் ஒரு முறை ஏறுவார், மாலையில் ஒரு முறை இறங்குவார். பலர் நடந்தே இறங்கிவிடுவதால் ஒரு வழிச் சீட்டு மட்டுமே வாங்குகிறார்கள். ஆஸ்திரியாவில் பல ஊர்களில் விடுதியில் தங்கினாலே ரோப்கார் இலவசம் என்று ஓர் அட்டையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே வாசலில் நிற்கும் வரிசையை மட்டும் பார்த்துவிட்டு லாபம் கொழிக்கிறது என்று சொல்ல முடியாது.

கயல் (காலை 10:24):
இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, விஸ்லரின் வெற்றிக்கும் அதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. லிஃப்ட்டில் ஏறி, சரிவில் பாய்ந்து இறங்கி, மறுபடியும் வரிசைக்கு வருபவர்கள் மலைச் சைக்கிள்காரர்கள் மட்டுமே. நடத்தையில் அவர்கள் சக்கரம் வைத்த பனிச்சறுக்குக்காரர்கள். விஸ்லர் தன் சைக்கிள் பூங்காவை 1999-லேயே தொடங்கிவிட்டது. 2008 டிசம்பரில் அந்த ஊரின் இரண்டு மலைகளையும் இணைத்துத் திறக்கப்பட்ட ரோப்கார் 4.4 கிலோமீட்டர் நீளம், பள்ளத்தாக்கிலிருந்து 436 மீட்டர் உயரம். சைக்கிளே ஓட்டாதவரும் அதில் ஏறுவதற்காகவே வருகிறார். மற்ற ஊர்கள் எல்லாம் அந்த வழியைப் பிடிக்க ஓடுகின்றன. எங்கள் ஊரும் ஓடிப் பார்த்துவிட்டுப் பாதி வழியில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.

சித்தி (காலை 10:31):
என் மகன் ஜூலையில் வந்தாலும் பனிச்சறுக்கு பழகியே தீருவேன் என்கிறான். மலையுச்சியில் உறைந்து கிடக்கும் பனியாற்றின் மேல் ஆண்டு முழுவதும் சறுக்கலாம் என்று எங்கோ படித்தானாம். உண்மையா கயல்?

கயல் (காலை 11:02):
ஓரளவுக்கு உண்மை சித்தி, ஆனால் நம்பிப் பயணச்சீட்டு எடுக்க முடியாது. 2022 கோடையில் என்ன நடந்தது என்று பாருங்கள். பிரான்சின் லே து ஆல்ப் ஜூலை 10-ஆம் தேதியே கோடைச் சறுக்கை மூடிவிட்டது. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயில் குளிர்காலத்தில் சாலையே மூடிவிடும். கோடையில் மட்டுமே சறுக்குகிற ஊர் அது. அங்கேயும் நிறுத்தினார்கள். ஆண்டு முழுவதும் திறந்திருப்பதையே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சுவிட்சர்லாந்தின் செர்மாட்கூட அந்த ஜூலை மாத இறுதியில் தற்காலிகமாக மூட வேண்டியதாயிற்று. முந்தைய குளிர்காலத்தில் பனி குறைவாக விழுந்திருந்தது, வசந்தத்தில் சகாராவின் தூசு படிந்து பனியின் நிறம் மங்கியது, மங்கிய பனி வெயிலை அதிகம் உறிஞ்சியது. எல்லாம் ஒரே ஆண்டில் சேர்ந்துகொண்டன. கோடையில் சறுக்க இடமளிக்கும் பனியாறுகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. தம்பியை ஜனவரியில் அனுப்பிவையுங்கள்.

பெரியப்பா (காலை 11:20):
எல்லோரும் கோடையைப் புதிதாக வந்த விருந்தாளியாகப் பேசுகிறீர்கள், எனக்கு அது வேடிக்கையாக இருக்கிறது. ஆல்ப்ஸில் கோடைதான் வீட்டுக்காரர். குளிர்காலம் பிற்பாடு வந்து சேர்ந்த வாடகைக்காரர். 1786-இல் மான் பிளாங்க் சிகரத்தில் இருவர் முதன்முறையாக ஏறியது ஆகஸ்ட் மாதத்தில். அதற்கு முன்பே அதன் அடிவாரத்திலுள்ள பிரெஞ்சு ஊரான சமோனிக்குப் பனியாறு பார்க்க ஆங்கிலேயர்கள் கோடையில் போய்க்கொண்டிருந்தார்கள். சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் விடுதி நடத்திய யோஹன்னஸ் பத்ருட், 1864-இல் தன் கோடை விருந்தினர்களிடம், “குளிர்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் வழிச்செலவை நானே தருகிறேன்” என்று பந்தயம் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. பந்தயம் கட்டித்தான் குளிர்காலத்துக்கு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது என்றால், அதுவரை எது சீசன் என்பது விளங்கவில்லையா? சமோனியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்ததே 1924-இல்தான்.

கதிர் (காலை 11:34):
பெரியப்பா, அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பல ஊர்கள் பனிச்சறுக்குக்காகவே வளர்க்கப்பட்டவை. 122 சறுக்குத் தலங்கள் தேசிய வனத்துறையின் நிலத்தில் இருக்கின்றன. 1986-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் பனிச்சறுக்கை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டதால், கோடையில் என்ன செய்யலாம் என்பது தெளிவில்லாமல் கிடந்தது. 2011-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். கம்பியில் தொங்கிப் பாயும் ஜிப்லைன், கயிறுகளில் ஏறி நடக்கும் சாகசப் பாதை, மலைச் சைக்கிள் பூங்கா, தட்டு எறியும் விளையாட்டு ஆகியவற்றை அனுமதிக்கலாம். நீச்சல் குளம், டென்னிஸ் மைதானம், கோல்ஃப் மைதானம், நீர்ப் பூங்கா, கேளிக்கைப் பூங்கா ஆகியவை கூடாது. மலையையும் காட்டையும் பயன்படுத்துவதாக இருந்தால் சரி, எங்கே வேண்டுமானாலும் கட்டக்கூடியதாக இருந்தால் இங்கே வேண்டாம் என்பதுதான் அந்தக் கோடு. சட்டம் எழுதியவர்களின் தெளிவு எனக்குப் பிடித்திருந்தது.

பெரியப்பா (காலை 11:41):
அங்கேயும் ஒரு விதிவிலக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஆஸ்பன் என்னும் ஊரில் சறுக்கு லிஃப்ட் 1947-இல் வந்தது. இரண்டே ஆண்டில், 1949-இல், கோடை இசை விழாவையும் தொடங்கிவிட்டார்கள். ஒரு காலை மட்டும் ஊன்றி நிற்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே யோசித்தவர்களும் இருந்திருக்கிறார்கள்.

மாமா (நண்பகல் 12:15):
சைக்கிளும் ஓட்டத் தெரியாது, கம்பியில் தொங்கவும் மனமில்லை. என்னைப் போன்றவர்களுக்கு அங்கே என்ன வேலை?

கயல் (பிற்பகல் 2:30):
மாமா, இங்கே வருபவர்களில் பாதிப் பேர் உங்கள் கட்சிதான். மேலே ஏறி, விரிப்பைப் போட்டு உட்கார்ந்து, காற்று வாங்கிவிட்டு இறங்குகிறார்கள். புற்சரிவில் மர்மட் என்னும் கொழுத்த அணில் இனம் வளையிலிருந்து தலையை நீட்டிச் சீட்டி அடிக்கும். அதைப் பார்க்கவே குழந்தைகளோடு ஒரு கூட்டம் வருகிறது. மின்சாரச் சைக்கிள் வந்த பிறகு, அறுபது வயதைத் தாண்டியவர்களும் முன்பு எட்டிப்பார்க்காத பாதைகளில் போகிறார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குளிர்காலப் படங்களில் வெண்பட்டு விரித்தாற்போலத் தெரியும் சறுக்குச் சரிவு, பனி விலகியதும் அழகாக இருக்காது. இயந்திரம் விட்டுச் சமப்படுத்திய அகலமான தழும்பு அது. புல் பிடிக்காத இடங்களில் சரளைக்கல் பல்லைக் காட்டும். செயற்கைப் பனி பீய்ச்சும் குழல்கள் உறை மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் முகம் சுருங்குவதை நான் சீட்டுக் கூண்டிலிருந்தே பார்த்திருக்கிறேன். அந்தச் சரிவை விட்டு அரை மணி நேரம் பக்கவாட்டில் நடந்தால்தான் உண்மையான மலை தொடங்கும்.

சித்தி (பிற்பகல் 2:44):
இத்தனை பேர் நடந்தால் அந்த மலையும் தேய்ந்துவிடாதா?

கயல் (பிற்பகல் 3:10):
தேய்கிறது சித்தி. பனிக்கு அடியில் உறங்கும் செடியைச் சறுக்குபவர் மிதிப்பதில்லை. பூத்து நிற்கும் இரண்டே மாதத்தில் நடப்பவர் மிதிக்கிறார். ஆஸ்திரேலியாவின் திரெட்போவில் நாற்காலி லிஃப்ட் மேலே இறக்கிவிடும் இடத்திலிருந்து காசியஸ்கோ சிகரத்துக்குப் போய்வர 13 கிலோமீட்டர். அந்த வழியில் தரையைத் தொடாமல் இரும்புக் கம்பி வலையாலான நடைமேடை போட்டிருக்கிறார்கள். ஒளி, மழை, காற்று எல்லாம் வலைக் கண் வழியாகக் கீழே இறங்க, செடி அதன் அடியிலேயே வளர்கிறது. எங்கள் ஊருக்கு அந்த அறிவு இன்னும் வரவில்லை. மழை பெய்து பாதை சேறானால், நடப்பவர்கள் சேற்றைத் தவிர்த்துப் புல்லில் கால் வைக்கிறார்கள். ஒற்றையடிப் பாதை ஒரே சீசனில் மாட்டுவண்டித் தடம்போல அகன்றுவிட்டது.

மாடு என்றதும் நினைவுக்கு வருகிறது. மேய்ச்சல் நிலத்தில் கன்றோடு நிற்கும் பசுவின் அருகில் போகாதீர்கள். ஆஸ்திரியாவின் டிரோலில் 2014-இல் நாயுடன் நடந்த ஒரு பெண்மணியைப் பசுக்கள் மிதித்துக் கொன்றன; வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, பொறுப்பில் பாதி மாட்டுக்காரருக்கு, பாதி அந்தப் பெண்மணிக்கு என்று முடிந்தது.

கதிர் (பிற்பகல் 3:25):
சரி, உன் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். வருமானம் குறைவு, தேய்மானம் உண்டு. பிறகு எதற்காகக் கோடையில் திறக்கிறார்கள்?

கயல் (மாலை 4:05):
திறக்காவிட்டாலும் வட்டி கட்ட வேண்டும் அண்ணா. ரோப்கார் ஆறு மாதம் சும்மா நின்றாலும் கடன் சும்மா நிற்பதில்லை. நல்ல தொழிலாளியை ஏப்ரலில் அனுப்பிவிட்டால் டிசம்பரில் அவர் திரும்பி வருவார் என்ற உறுதியும் இல்லை. எனக்கே கோடை வேலை கிடைத்ததால்தான் இந்த ஊரில் வீடு பிடிக்க முடிந்தது. கோடை இந்த ஊரைப் பணக்காரனாக்காது, ஆனால் ஆளும் கடையும் ஊரைவிட்டுப் போகாமல் பிடித்து வைக்கும்.

இதற்கு நாங்கள் கொடுக்கும் விலையையும் சொல்கிறேன். எங்கள் நாற்காலி லிஃப்ட் ஆட்களை மேலே ஏற்றுவதற்காகக் கட்டப்பட்டது. குளிர்காலத்தில் இறங்குபவர்கள் சறுக்கியே வந்துவிடுவார்கள் அல்லவா? ஆகவே இறங்கும் பக்கத்தில் மூன்று நாற்காலிக்கு ஒன்றில்தான் ஆள் உட்கார அனுமதி. சென்ற ஆகஸ்ட்டில் ஒரு நாள் பிற்பகல் இரண்டரை மணிக்கு மேகம் கறுத்தது. மேலே இருந்த முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் இறங்க வந்து நின்றார்கள். பத்து நிமிடத்தில் மின்னல் நெருங்கியதும் புதிதாக ஆள் ஏற்றுவதை நிறுத்தி, கம்பியில் இருந்தவர்களைக் கீழே சேர்த்துவிட்டு லிஃப்ட்டை அணைத்தோம். மீதிப் பேரைச் சைக்கிள் கழுவும் கொட்டகையில் தோளோடு தோள் இடிக்க நிறுத்தினோம். சேற்றில் ஊறிய காலுறையின் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஒன்றே கால் மணி நேரம் கழித்துத்தான் மீண்டும் ஓட்ட முடிந்தது.

பெரியப்பா (மாலை 4:30):
அப்படியானால் ஆகஸ்ட் முதல் வாரம் என்ற எண்ணத்தை விட்டுவிடுகிறேன். நீ எப்போது வரச் சொல்கிறாய்?

கயல் (மாலை 4:48):
செப்டம்பர் முதல் வாரம் வாருங்கள் பெரியப்பா. பள்ளி விடுமுறைக் கூட்டம் குறைந்திருக்கும், பிற்பகல் இடிமழையும் தணிந்திருக்கும், விடுதி வாடகையும் இறங்கியிருக்கும். அக்டோபருக்குத் தள்ளிப்போடாதீர்கள், கம்பிவடத்தைச் சோதிக்க அப்போது லிஃப்ட்டை மூடிவிடுவோம். முன்பெல்லாம் கோடை முழுவதும் நிதானமாகச் செய்த அந்த வேலையை இப்போது இரண்டு சீசனுக்கும் இடையில் கிடைக்கும் சில வாரங்களில் முடிக்க வேண்டியிருக்கிறது.

பெரியம்மா (மாலை 5:02):
எனக்கு முழங்கால் வலி இருக்கிறதே கண்ணு, நடக்க முடியுமா?

கயல் (மாலை 5:06):
ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும் பெரியம்மா. மேலே சமதளமான ஒரு மணி நேரப் பாதை இருக்கிறது, அதில் மட்டும் நடப்போம். இரு வழிச் சீட்டே எடுத்துவிடுகிறேன். கடைசி ரோப்கார் மாலை 4:45-க்குப் புறப்படும், அதைத் தவறவிட்டால் நடந்துதான் இறங்க வேண்டும்.

பெரியப்பா (மாலை 5:10):
நாங்கள் 4 மணிக்கே நிலையத்தில் நிற்போம்.