சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் தருவது சரியா?

கேள்வி (கோபிச்செட்டிபாளையம்):
சென்ற வாரம் என் அம்மாவுக்குச் சளியும் தொண்டைவலியும் வந்தபோது, எங்கள் ஊர் மருந்துக்கடையில் மருத்துவர் சீட்டு எதையும் கேட்காமல், செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் அட்டையிலிருந்து நான்கு மாத்திரைகளைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். இதற்குச் சட்டத்தில் இடமுண்டா?

மறுமொழி (ஈரோடு, மருந்தாளுநர்):
இடமில்லை ஐயா. செஃபிக்சிம், மருந்து விதிகளில் கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியலான எச்1 அட்டவணையில் உள்ள மருந்து. அதைச் சீட்டைப் பார்த்தே விற்க வேண்டும் என்பதோடு, எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. முழு அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். கத்தரித்த துண்டில் அது உங்கள் கைக்கு வராமலே போய்விடுகிறது என்பதுதான் என் வருத்தம். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு இம்மாத்திரை பயன்படாது.

மறுமொழி (சோமனூர்):
விசைத்தறிக்குப் போகிறவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனை வரிசையில் நிற்க முடியாமல்தான் கடைக்குப் போகிறார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். என் அண்ணன் அப்படித்தான் பலமுறை வாங்கினார். பிறகு சிறுநீர்த் தொற்று வந்து, கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை செய்தபோது, இரண்டு மருந்துகளுக்கு நேரே 'ஆர்' (ரெசிஸ்டன்ட்), அதாவது கிருமி அவற்றுக்கு அடங்காது என்று வந்திருந்தது.

கேட்டவர்:
அம்மா இரண்டு மாத்திரை விழுங்கிவிட்டார். மீதி இரண்டை என்ன செய்வது?

மறுமொழி (ஈரோடு, மருந்தாளுநர்):
உறையோடு எடுத்துச் சென்று இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தொடர்வதா நிறுத்துவதா என்பதை அவர் சொல்லட்டும். அடுத்த காய்ச்சலுக்கு ஆகட்டும் என்று எடுத்து வைக்க வேண்டாம்.