பேப் ரூத்துக்கு ஏன் இத்தனை ஒல்லிக் கால்?

குழு: நம்ம வீடு

நித்யா: 📷 பேப் ரூத் கேரிகேச்சருக்கான (அடையாளங்களை மிகைப்படுத்தி வரையும் படம்) பென்சில் பயிற்சி. பெரியப்பா, பார்த்துச் சொல்லுங்கள்.

அத்தை: யாரம்மா இவர்? மேல்பாதி இவ்வளவு கனம், கால் மட்டும் குச்சியாக இருக்கிறதே!

நித்யா: நிஜமாகவே அப்படித்தான் அத்தை. நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணிக்காரர். 1927இல் ஒரே சீசனில் 60 ஹோம் ரன் (நம்ம கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி), மொத்தம் 714. இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு சின்னச் சின்ன அடியாக வைத்து ஓடுவார். எனக்கு அந்தக் கணுக்கால்தான் ரொம்பப் பிடித்தது.

பெரியப்பா: உடம்பு நன்றாக வந்திருக்கிறது. முகத்தைப் பார். மூக்கை அகலமாக்கினாய், சரி. கண்ணை ஏன் பெரிதாக்கினாய்? ஒன்றை வளர்த்தால் பக்கத்தில் இருப்பதைக் குறைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஊதினால் படம்தான் பெரிதாகும், ஆள் வரமாட்டார்.

பெரியப்பா: கண்ணைச் சின்னதாக்கு. கன்னத்தைத் தொடவே வேண்டாம், தானாக அகன்று தெரியும்.

கார்த்திக்: பேஸ்பால்காரர்களை எப்படி அக்கா வரைகிறாய்? எல்லாருக்கும் தொப்பி. நெற்றியும் முடியும் போய்விடுகிறதே.

நித்யா: அதனால் நிற்கிற விதத்தை முதலில் பிடிக்கிறேன். ஜப்பான் வீரர் இச்சிரோவைப் பார். வலது கையில் மட்டையை நிமிர்த்தி பிட்சர், அதாவது பந்து வீசுபவர் பக்கம் நீட்டுவார், இடது கையால் வலது தோள் சட்டையை இழுத்துவிடுவார். உள்ளே ஒன்றுமே வரையாமல் கறுப்பாக நிரப்பினாலும் அவர்தான் என்று தெரியும்.

மாமா: அப்படியானால் பிட்சர் ராண்டி ஜான்சனை வரை நித்யா. 6 அடி 10 அங்குலம், நீள முடி. பந்து வீசும்போது முழுக்கக் கையும் காலும்தான்.

பெரியப்பா: அவரைத் தனியாக வரையாதே. குள்ளமான ஒருவரைப் பக்கத்தில் நிறுத்து. ஒருவர் எதில் மற்றவர்களிடமிருந்து விலகுகிறார் என்பதுதான் கேரிகேச்சருக்கு மூலதனம்.

மாமா: யோகி பெர்ரா! 5 அடி 7 அங்குலம், பெரிய காது, அகன்ற வாய். மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் வேறு, குந்தி உட்கார்ந்தால் இன்னும் குறுகிவிடுவார். யாங்கீஸுக்காக 10 உலகத் தொடர் (சீசன் முடிவில் நடக்கும் சாம்பியன் தொடர்) வென்றவர்.

நித்யா: ஆஹா, அந்த ஜோடியை வரைகிறேன். கறுப்பின பிட்சர் சாட்செல் பெய்ஜும் என் பட்டியலில் இருக்கிறார்.

மாமா: அவரை வரையும்போது கொஞ்சம் கவனமாக இரும்மா. நிறவெறியால் கறுப்பினத்தவரை மேஜர் லீக், அதாவது அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் அமைப்பு, சேர்க்காமல் வைத்திருந்த காலம். 1947இல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையை உடைத்த பிறகு, 1948இல்தான் பெய்ஜ் கிளீவ்லாந்து அணிக்கு வந்தார். அப்போது அவருக்கு 42 வயது. அந்தக் காலத்துப் பத்திரிகைகள் கறுப்பினத்தவர் எல்லாருக்கும் ஒரே தடித்த உதட்டைத்தான் போட்டன.

மாமா: இதே அணியின் சின்னமும் அப்படித்தான். சிவப்பு முகம், பல்லை இளிக்கும் சிரிப்பு, அமெரிக்கப் பூர்வகுடியை வரைந்ததாகப் பெயர். 2018 சீசனோடு சீருடையிலிருந்து எடுத்தார்கள், 2022 சீசனிலிருந்து அணியின் பெயரே கார்டியன்ஸ். அதில் எந்த மனிதரும் இல்லை, ஓர் இனத்தின் மீதான ஏளனம் மட்டும்தான் இருந்தது.

அத்தை: விளையாட்டுச் சட்டையில் போய் இதையா போட்டார்கள்! மனசு கஷ்டமாக இருக்கிறது.

நித்யா: மாமா, பழைய கார்ட்டூன் எதையும் பார்த்து வரையமாட்டேன், புகைப்படம் மட்டும்தான். பெய்ஜுக்கு முகத்தைவிடக் கால்தான் முக்கியம். பந்து வீசுமுன் இடது காலை உயரத் தூக்குவார். மட்டையாளர் கண்ணுக்கு முதலில் தெரிவது செருப்படி... அதாவது ஷூவின் அடிப்பக்கம். அதைப் படத்தின் முன்னால் பெரிதாகப் போட்டு, ஆளைப் பின்னால் மெலிதாக நீட்டப் போகிறேன்.

பெரியப்பா: அருமை. பாதத்திலிருந்து பந்து பிடித்த கைவரை ஒரே வளைகோடாக முதலில் இழு. அது சரியாக விழாமல் முகத்துக்குப் போகாதே.

நித்யா: 📷 ரூத், கண் குறைத்தது.

கார்த்திக்: இப்போது வேறு ஆள் மாதிரி இருக்கிறார் அக்கா!

பெரியப்பா: இப்போதுதான் ரூத். கீழ் உதட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளு.

நித்யா: சரி பெரியப்பா. மாமா, யோகியின் பக்கவாட்டுப் படம் இருந்தால் அனுப்புங்கள், காது தெளிவாகத் தெரிய வேண்டும்.

மாமா: என்னிடம் பழைய பேஸ்பால் கார்டு இருக்கிறது. வேலை முடிந்து வந்ததும் எடுத்து அனுப்புகிறேன்.