டீல் ஐலண்டுல பாத்த பழைய ஸ்கிப்ஜாக்... இந்தப் படகுங்களோட கதி என்ன?

கேள்வி: அமெரிக்கால மேரிலாண்டுல இருக்கேன். போன வாரம் டீல் ஐலண்ட் போனப்ப ஸ்கிப்ஜாக்னு ஒரு பழைய பாய்மரப் படகு கரையோரமா சாஞ்சு கிடந்துச்சு, பலகைய விரலால அழுத்துனா நனைஞ்ச ரஸ்க் மாதிரி பொதுக்குனு உள்ள போகுது, மனசே கேக்கல. செசபீக் விரிகுடால சிப்பி வாருன படகாம். இதையெல்லாம் யாரும் காப்பாத்த மாட்டாங்களா?

பதில் 1: 1865லயே பாய்மரப் படகுலதான் சிப்பி வாரணும்னு அங்க சட்டம் வந்துடுச்சு, அதனாலதான் என்ஜின் காலத்துலயும் இதுங்க தாக்குப்பிடிச்சுது. 1967லதான் வாரத்துல ரெண்டு நாள் தள்ளுபடகு (பின்னாலருந்து தள்ளுற சின்ன என்ஜின் படகு) ஓட்டிக்கலாம்னு விட்டாங்க. அப்புறம் எம்எஸ்எக்ஸ், டெர்மோனு ரெண்டு நோய் வந்து சிப்பியே செத்துப்போச்சு. வருமானம் இல்லாம மரப்படகுக்கு வருஷா வருஷம் யாருங்க செலவு பண்ணுவா?

பதில் 2: செயின்ட் மைக்கேல்ஸ் மியூசியம் போய்ப் பாருங்க, 1955ல கட்டுன ரோஸி பார்க்ஸ்ங்கிற ஸ்கிப்ஜாக்க அங்கதான் பலகை பலகையா மாத்தி மறுபடி தண்ணில விட்டாங்க. 1985லயே ஸ்கிப்ஜாக்க மாநிலப் படகுனு அறிவிச்சாச்சு, ஆனா பட்டம் குடுத்தா பலகை மக்காம இருக்குமா, சொல்லுங்க. என்னைக் கேட்டா காட்சிக்கு நிறுத்துறதவிட டூரிஸ்ட் ஏத்தியாவது ஓட்டணும், மரம் காய்ஞ்சா இடுக்கு விட்டுரும்.

கேட்டவர்: ரொம்ப நன்றிங்க, சனிக்கிழமை பிள்ளைங்கள கூட்டிட்டுப் போறேன்.