இரண்டு மணி நேரம் கழித்து மீட்டர் சொன்ன கதை

மலைக்கோட்டை:

போன தை மாதம் எங்கள் கடையில் மருத்துவ முகாம் வைத்தார்கள். ஜவுளிக்கடையில் கணக்குப் பிரிவு எனக்கு, வயது 46. பிரஷர் பார்க்கத்தான் போய் உட்கார்ந்தேன். விரலில் ஒரு குத்து, மீட்டரில் ரத்தச் சர்க்கரை 268. "சாப்பிட்டு வந்தீங்களா சார்?" என்றது அந்தப் பெண். ஆமாம் என்றேன். "சாப்பிட்டாலும் இவ்வளவு வரக்கூடாது" என்று சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டது. மறுவாரம் வெறும் வயிற்றில் 164. மூன்று மாத சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 8.4.

டாக்டர் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எழுதினார். எதைச் சாப்பிடலாம், எது கூடாது என்று பட்டியல் கேட்டேன். "பட்டியல் கொடுத்தா ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சுட்டு மறந்துடுவீங்க. ஒரு மீட்டர் வாங்குங்க. சாப்பிட ஆரம்பிச்சதிலிருந்து ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குத்திப் பாருங்க. உங்க வீட்டுச் சாப்பாடு என்ன பண்ணுதுன்னு உங்களுக்கே தெரியும்" என்றார்.

கணக்குப்பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பழைய லெட்ஜர் ஒன்றில் கோடு போட்டு ஆரம்பித்தேன். மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் ஒன்று இருபது ரூபாய் என்பதால் தினமும் குத்தவில்லை, வாரத்துக்கு நாலு.

நாலு இட்லி, சாம்பார்: 212. இரண்டு இட்லி, ஒரு அவித்த முட்டை, காய் நிறையப் போட்ட சாம்பார்: 158. இரவு மூன்று சப்பாத்தி: 196. சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்திக்கு மாறினால் போதும் என்று பத்து வருடமாக எல்லாருக்கும் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தவன் நான்!

பெரிய அடி கேழ்வரகில்தான் விழுந்தது. சர்க்கரை என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மனைவி முதல் நாளே கரைத்து வைத்து, காலையில் ஒரு சொம்பு கூழ் கொடுத்துக்கொண்டிருந்தாள். ரீடிங் 241. மீட்டர் தப்பு என்று அவள் சொன்னாள். மறுநாளும் அதே கதை. மாவாக அரைத்து, வேகவைத்து, நீர்க்கக் குடித்தால் மெல்ல வேலையே இல்லை, சர்ரென்று ரத்தத்தில் ஏறிவிடும் என்றார் டாக்டர். அதே கேழ்வரகை ஒரே ஒரு களி உருண்டையாகக் கீரைக் குழம்போடு சாப்பிட்டால் எனக்கு 170ஐத் தாண்டுவதில்லை. இது என் உடம்புக்கு. உங்களுக்கு வேறு மாதிரி வரலாம்.

டீ தனிக் கணக்கு. கடையில் ஒரு நாளைக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். உட்கார்ந்து கூட்டினால் மாதம் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ சர்க்கரை! ரேஷனில் வீட்டுக்கே அவ்வளவு வாங்குவதில்லை. இப்போது இரண்டு டீ, இரண்டும் சர்க்கரை இல்லாமல். முதல் பத்து நாள் கஷாயம் மாதிரி இருந்தது. அப்புறம் நாக்கு பழகிவிட்டது.

இன்னொன்று. இரவு அதே சோறு, அதே குழம்பு. சாப்பிட்டு டிவி முன்னால் உட்கார்ந்த நாளில் 220. தெப்பக்குளத்தைச் சுற்றி இருபது நிமிடம் நடந்த நாளில் 171. தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தானாகவே இழுத்துக்கொள்ளுமாம். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி 7.1.

உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

அடுப்படி:

அண்ணா, எங்கள் வீட்டில் சர்க்கரை எனக்கு இல்லை, மாமியாருக்கு. ஆனால் சமைப்பவள் நான் என்பதால் நோய் என்னமோ எனக்கு வந்த மாதிரிதான்.

முதலில் காய், பருப்பு, முட்டை, கடைசியில் சோறு என்ற வரிசையில் சாப்பிட்டால் ஏற்றம் குறைவு என்று டயட்டீஷியன் சொன்னார். வீட்டில் வந்து சொன்னேன். "சோறில்லாத தட்டுக்கு முன்னாடி உக்காந்து வெறும் பொரியலைத் திங்க நான் என்ன ஆடா?" என்றார் அத்தை. சரி என்று நான் ஒரு வேலை செய்தேன். மதியம் பசியோடு வந்து உட்காருவார். "அத்தை, சோறு இன்னும் வடியல, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிப் பொரியலையும் கூட்டையும் வைத்துவிடுவேன். அவரும் சும்மா இருக்க முடியாமல் கிண்ணத்தைக் காலி செய்துவிடுவார். அப்புறம் சோறு போட்டால் தானாகவே ஒரு கரண்டி குறைகிறது. இது ஆறு மாதமாக நடக்கிறது.

தோற்ற இடமும் உண்டு. காபியில் வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தி நாட்டுச் சர்க்கரை போட்டுக்கொடுத்தேன், நல்லது என்று நினைத்து. ரீடிங்கில் ஒரு மாற்றமும் இல்லை. கருப்பட்டி, தேன் எல்லாமே அந்த விஷயத்தில் ஒரே குடும்பம்தான்.

ஒரு நாள் அத்தைக்கு 310 காட்டிவிட்டது. வீடே பதறிப்போனது. பார்த்தால், பேரனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அப்படியே விரலை நீட்டியிருக்கிறார். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்தினால் 148.

இரவுப்பணி:

இங்கே எல்லாரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு இறங்கிய கதை.

திருப்பூரில் ஒரு மில்லில் இரவு செக்யூரிட்டி. மெட்ஃபார்மினோடு கிளிமெபிரைடு என்ற மாத்திரையும் சாப்பிடுகிறேன். சர்க்கரையைச் சீக்கிரம் குறைக்க வேண்டும் என்ற வெறியில் ஒரு நாள் மாத்திரையைப் போட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்தேன். ராத்திரி இரண்டு மணிக்குச் சட்டை பூராவும் வியர்வை, கை நடுங்குகிறது, கேட்டின் பூட்டில் சாவியை நுழைக்க முடியவில்லை. கூட இருந்த பீகார் பையன் பயந்துபோய் அவன் பையில் இருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினான். அப்புறம் மீட்டரில் பார்த்தால் 54. குடித்த பிறகே 54 என்றால் முன்னால் எவ்வளவு இருந்ததோ.

70க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று ஸ்பூன், 15 நிமிடம் கழித்து மறுபடி பார், ஏறவில்லையா, மறுபடி கொடு என்று டாக்டர் சொல்லித்தந்தார். யூனிஃபார்ம் பையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கிறது. கிளிமெபிரைடைப் போட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

மலைக்கோட்டை:

இதை நானும் யோசித்ததே இல்லை. படித்ததும் என் சீட்டை எடுத்துப் பார்த்தேன். எனக்கு மெட்ஃபார்மின் மட்டும்தான். மெட்ஃபார்மினை மட்டும் சாப்பிட்டால் அவ்வளவு இறங்குவது அபூர்வம் என்கிறார் மருந்துக்கடைக்காரர். இருந்தாலும் மேசை டிராயரில் ஒரு பொட்டலம் வாங்கி வைத்துவிட்டேன்.

வத்தலக்குண்டு:

சொல்ல வெட்கமாக இருக்கிறது. வாட்ஸாப்பில் வந்த வீடியோவைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாகற்காய்ச் சாறும் ஆவாரம்பூக் கஷாயமும் நாலு மாதம் குடித்தேன். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வாங்கி வாங்கித் தகர டப்பாவில் போட்டுவைத்தேன். வருகிற அக்கா "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்கும்போதெல்லாம் தலையை ஆட்டினேன். பாவம், நம்பிவிட்டது.

களையெடுக்கும்போது கால் கட்டைவிரலில் ஏதோ குத்தியிருக்கிறது. சர்க்கரையால் கால் மரத்துப்போயிருந்ததால் எனக்கு வலியே இல்லை. மூன்றாம் நாள் செருப்பில் சீழைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஹெச்பிஏ1சி 11. விரலை எடுக்கவேண்டி வரலாம் என்று பயமுறுத்தினார்கள், கடைசியில் தப்பித்தது. பாகற்காயை இப்போதும் சாப்பிடுகிறேன், பொரியலாக, மாத்திரையோடு. ராத்திரி படுக்குமுன் பேத்தி செல்போன் வெளிச்சத்தில் என் உள்ளங்கால் இரண்டையும் பார்த்துச் சொல்லும். வெறுங்காலோடு வயலில் இறங்குவதில்லை.

ஈசூன்:

சிங்கப்பூரிலிருந்து. இங்கே காப்பிக்கடையில் ஒரு சொல் கற்றுக்கொண்டால் பாதிச் சர்க்கரை குறையும்: "கோசோங்". மலாயில் வெறுமை என்று அர்த்தம். கோப்பி ஓ கோசோங் என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாத கடுங்காப்பி. 2022 கடைசியிலிருந்து டப்பா பானங்களுக்குச் சர்க்கரையையும் நிறைகொழுப்பையும் பொறுத்து ஏ, பி, சி, டி என்று தரம் உண்டு, சி, டி என்றால் அந்த எழுத்தை மேலே போட்டே ஆகவேண்டும் என்று சட்டம். டி வாங்கிய பானத்துக்கு விளம்பரமே செய்யக்கூடாது. நான் தினமும் குடித்துக்கொண்டிருந்த பாக்கெட் பானத்தின் மேல் எழுத்தைப் பார்த்த அன்று நிறுத்தினேன். பரோட்டாவுக்கும் எழுத்துப் போட்டால் அதையும் நிறுத்துவேன். போடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் இருக்கிறேன்.

சோதனைக்கூடம்:

சென்னையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தினம் இரண்டு பேராவது "ஹெச்பிஏ1சி 6.1 தானே, சர்க்கரை இன்னும் வரல இல்ல?" என்று சந்தோஷமாகக் கேட்பார்கள். 5.7 முதல் 6.4 வரை நீரிழிவின் விளிம்பு. அவர்களிடம் ஒன்று சொல்வேன். குளுக்கோஸ் குடித்த பிறகு பார்க்கும் பரிசோதனையில் இதே மாதிரி விளிம்பில் இருந்த 531 பேரை வைத்துச் சென்னையிலேயே ஓர் ஆய்வு நடந்து 2006இல் வெளிவந்தது. சும்மா விட்டவர்களில் பாதிக்கு மேல் மூன்று வருடத்துக்குள் நீரிழிவுக்குப் போய்விட்டார்கள். சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்கு அந்த ஆபத்து 28 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மெட்ஃபார்மின் மட்டும் கொடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நடக்கக் காசு வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே லிஃப்டில் ஏறிப் போகிறார்கள்.

ரத்தசோகை இருப்பவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைந்தால் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

இரவுப்பணி:

மலைக்கோட்டை சார், ஒரு சந்தேகம். லீவு நாளில் வீட்டில் படுக்கும்போது 120. ஒன்றும் தின்னாமல் தூங்கி எழுந்தால் 150. இது எங்கிருந்து வருகிறது?

மலைக்கோட்டை:

நானும் இதைக் கேட்டேன் தம்பி. விடியற்காலையில் உடம்பு எழுந்திருக்கத் தயாராகும்போது கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து சர்க்கரையை எடுத்து விடுமாம். இன்சுலின் சரியாக வேலை செய்கிறவர்களுக்கு அது தெரியாது, நமக்குத் தெரிகிறது. இதற்காகப் பயந்து நீங்கள் இரவுச் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள், உங்கள் மாத்திரைக்கு அது ஆபத்து. ரீடிங்கை எழுதிக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு அப்புறம் பார்த்ததில் 7.1 மறுபடி 7.4 ஆகிவிட்டது. அதிரசம் என்று லெட்ஜரில் எழுதியிருக்கிறேன். எத்தனை என்று எழுதவில்லை.

அடுப்படி:

இன்று மதியம் வழக்கம்போலக் கூட்டை வைத்துவிட்டு, "சோறு இன்னும் வடியல அத்தை" என்றேன். அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ வடிச்சு அரை மணி நேரம் ஆச்சு. அது எனக்கு முதல் மாசமே தெரியும். அந்தக் கூட்டை இன்னும் கொஞ்சம் போடு."