டி3 மாத்திரை போட்டா பீரியட்ஸ் சரியாகுமா?

முத்துச்சிப்பி:
வயசு 24. சோழிங்கநல்லூர்ல ஐ.டி. வேலை, ராத்திரி ஷிஃப்ட். பகல்ல ஹாஸ்டல் ரூம்ல ஸ்க்ரீனை இழுத்து விட்டுத் தூங்கிடுவேன். ஒரு வருஷமா பீரியட்ஸ் 45, 50 நாளுக்கு ஒரு தடவைதான் வருது. தலைமுடி கொட்டுது, தாடையில முளைக்குது. ஆஃபீஸ் ஹெல்த் செக்கப்ல வைட்டமின் டி 11னு வந்திருக்கு. பக்கத்து சீட் பொண்ணு, "எல்லாத்துக்கும் இதுதான் காரணம், டி3 போடு, ஹார்மோன் தன்னால பேலன்ஸ் ஆயிடும்"ங்கிறா. ரீல்ஸ்லயும் அதேதான் ஓடுது. மெடிக்கல்ல 60,000 யூனிட் ஸ்ட்ரிப் வாங்கிட்டேன், சீட்டே கேக்கலை. தினம் ஒண்ணு போடணுமா? அம்மா காலையில 6 மணி வெயில்ல நின்னாலே போதும்ங்கிறாங்க. சித்தி, "வரன் பாக்குற நேரத்துல வெயில்ல நின்னு கருத்துப் போகாதே"ங்கிறாங்க. நான் யாரு பேச்சைக் கேக்க?

மருந்துக்கடை அக்கா:
தினமா? வேண்டவே வேண்டாம்மா. முதல்ல அந்த ஸ்ட்ரிப்பை எடுத்து தனியா வை. தென்காசிப் பக்கம் மருந்துக்கடை வச்சிருக்கேன், ஃபார்மசிஸ்ட். 60,000ங்கிறது வாரத்துக்கு ஒண்ணு. குறைச்சல் இருக்கறவங்களுக்கு டாக்டருங்க பெரும்பாலும் 8 வாரம் எழுதுவாங்க, அப்புறம் சின்ன டோஸுக்கு மாத்துவாங்க. ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கு தினத் தேவையே 600 யூனிட்தான்னு ஐ.சி.எம்.ஆர். (மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு) சொல்லுது. நீ கேக்கறது அதுல நூறு மடங்கு.

இந்தக் குழப்பத்துக்காகவே நான் கவர் மேல பேனாவால "ஞாயிறு மட்டும்"னு எழுதித்தான் கொடுப்பேன். இது கொழுப்புல கரையற வைட்டமின். பி காம்ப்ளெக்ஸ் மாதிரி மிச்சம் மூத்திரத்துல போயிடாது, உடம்புல தங்கும். அளவு மீறினா ரத்தத்துல கால்சியம் ஏறும்: குமட்டல், வாந்தி, அடங்காத தாகம், மலச்சிக்கல். முத்திப் போனா கிட்னியே அடி வாங்கும். வாரத்துக்கு ஒண்ணுன்னு டாக்டர் சொன்னா, வயிறு காலியா இருக்கும்போது போடாதே. எண்ணெயோ நெய்யோ இருக்கற சாப்பாட்டுக்கு அப்புறம் போடு. முடிக்குன்னு வேற ஏதாவது சாப்பிடறியா? அந்த டப்பாலயும் டி இருக்கான்னு பாரு.

வெயில் விஷயத்துல அம்மாவும் பாதிதான் சரி. நம்ம ஊர்ல இளவெயில்தான் நல்லதுன்னு பேச்சு. ஆனா தோல்ல வைட்டமின் டி உண்டாக்கற கதிர் அந்த நேரத்துல ரொம்பக் கம்மி. உன் நிழல் உன்னைவிடக் குட்டையா விழணும், அப்பதான் அந்த வெயிலுக்கு பலம். கண்ணாடி வழியா வர்ற வெயிலும் உதவாது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துடும். மாநிறம், கருப்புத் தோலுக்கு நேரம் இன்னும் கூட வேணும். சித்தி பேச்சுக்கு நான் பதில் சொல்லப் போறதில்லை, எங்க வீட்லயும் ஒரு சித்தி உண்டு.

கொங்குத்தென்றல்:
எனக்கு டி3 போட்ட மூணாவது மாசமே பீரியட்ஸ் சரியாயிடுச்சுங்க. டாக்டர்கிட்டப் போனா வேற வேற மாத்திரையா எழுதிடுவாங்கன்னு போகவே இல்லை. என்னைக் கேட்டா தைரியமா போடுங்க.

மருந்துக்கடை அக்கா:
சந்தோஷம்மா. அந்த மூணு மாசத்துல வேற எதையும் மாத்தலையா?

கொங்குத்தென்றல்:
ஜிம்முக்குப் போனேங்க. 6 கிலோ குறைஞ்சேன். ராத்திரி பிரியாணி ஆர்டர் பண்றதையும் விட்டுட்டேன்.

மருந்துக்கடை அக்கா:
அப்ப பேரு மட்டும் மாத்திரைக்கா!

இரவுப்பணி டாக்டர்:
மகப்பேறு மருத்துவத்துல மேற்படிப்பு படிக்கிறேன். முத்துச்சிப்பி, 11ங்கிறது குறைச்சல்தான், அதைச் சரி பண்ணத்தான் வேணும். ஆனா அது எலும்புக்கும் தசைக்கும். பீரியட்ஸ் தள்ளிப் போறதுக்கு அதையே காரணம்னு முடிவு கட்டிடாதீங்க.

வைட்டமின் டி-யே உடம்புக்குள்ள ஹார்மோனா மாறுற பொருள்தான், கல்லீரல்லயும் கிட்னியிலயும் உருமாறி வேலை செய்யும். ரீல்ஸ்காரங்க இந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு மத்த எல்லா ஹார்மோனையும் இது சரிபண்ணும்னு தாவிடறாங்க. பி.சி.ஓ.எஸ்., அதாவது சினைப்பையைப் பாதிக்கற ஹார்மோன் கோளாறு, இருக்கற பெண்கள் பல பேருக்கு டி குறைவா இருக்கறது உண்மை. ஆனா உடம்பு எடை கூடினாலே ரத்தத்துல டி அளவு குறையும். எது எதால வந்ததுன்னு பிரிக்கறது கஷ்டம். மாத்திரை கொடுத்துப் பாத்த ஆய்வுகள் பெரும்பாலும் சின்னது, முடிவும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகலை. சர்க்கரை நோய்லயும் இதே கதைதான். டி குறைவா இருக்கறவங்களுக்கு சர்க்கரை அதிகம் வருதுன்னு கண்டாங்க. சரி, கொடுத்துப் பாப்போம்னு 2,423 பேரை வச்சு ஒரு பெரிய ஆய்வு, பாதிப் பேருக்கு தினம் 4,000 யூனிட். 2019-ல முடிவு வந்துச்சு: குறிப்பிட்டுச் சொல்ற அளவுக்கு சர்க்கரையைத் தடுக்கலை.

உங்க வயசுல 35 நாளுக்கு மேல தள்ளிப் போனாலோ, வருஷத்துக்கு 8 தடவைக்குக் கம்மியா வந்தாலோ காட்டியே ஆகணும். தாடையில முடியும் இருக்குன்னா பி.சி.ஓ.எஸ். சந்தேகம் நியாயமானதுதான், ஆனா அப்படின்னு சொல்றதுக்கு முன்னாடி தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கற ஹார்மோன்) பிரச்னை இல்லைன்னு பாக்கணும். டெஸ்டோஸ்டிரோன், சர்க்கரை, கூடவே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல இருக்கற இரும்புச்சத்து சேமிப்பைக் காட்டறது) பாக்கச் சொல்லுவாங்க. முடி கொட்டறதுக்கு இரும்புச்சத்துக் குறைவும் ஒரு காரணம். தாமதமான பீரியட்ஸ்னாலே கர்ப்ப டெஸ்ட்டும் வழக்கமா எடுப்பாங்க, அதைத் தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்கேன்ல "நீர்க்கட்டி"ன்னு ஒரு வார்த்தை வந்துட்டா மட்டும் பி.சி.ஓ.எஸ். ஆகிடாது. மாசக்கணக்கா பீரியட்ஸ் வராம விட்டா கருப்பை உள்சுவர் தடிச்சுக்கிட்டே போகும். நாங்க பயப்படறது அதுக்குத்தான்.

முத்துச்சிப்பி:
நன்றி டாக்டர், நன்றி அக்கா. நல்லவேளை, ஸ்ட்ரிப்பை இன்னும் பிரிக்கலை. சனிக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டேன். அக்கா கேட்டீங்கன்னு டப்பாவைப் பாத்தேன்: முடிக்கு சாப்பிடற கம்மீஸ்ல (மிட்டாய் மாதிரி மெல்லற வைட்டமின்) டி 400 யூனிட், பயோட்டின் 10 மில்லிகிராம். அதை விட்டுடணுமா?

மருந்துக்கடை அக்கா:
அந்த 400-ஐப் பத்திக் கவலைப்படாதே, அது பெரிசில்லை. பயோட்டின்தான் கவனிக்கணும். அவ்வளவு அளவுல சாப்பிட்டா சில லேப்ல தைராய்டு ரிசல்ட்டையே புரட்டிப் போட்டுடும், தைராய்டு நல்லா இருக்கறவங்களுக்கும் கோளாறு மாதிரி காட்டும். இன்னிக்கே நிறுத்திடு. ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாளாவது இடைவெளி வேணும். டப்பாவையும் அந்த 60,000 ஸ்ட்ரிப்பையும் கையோட எடுத்துட்டுப் போய் டாக்டர் மேஜை மேல வை.