மறு: மியூகோசிலியரி கிளியரன்ஸ் – ‘கோழையுந்தல்’ சரிவருமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். குதிரை இன்ஃபுளுவென்சா பற்றிய என் கட்டுரைக்காக, மூச்சுக்குழல் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் ‘மியூகோசிலியரி கிளியரன்ஸ்’ என்ற வேலைக்குத் தமிழ்ப் பெயர் கேட்டிருந்தேன். நீங்கள் அனுப்பிய யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘கோழை வெளியேற்றம்’ என்றே போட்டுவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். குதிரைக்கு இன்ஃபுளுவென்சா வந்தால் முதலில் கண்ணில் படுவது காய்ச்சல் (41 டிகிரி செல்சியஸ் வரை கூட ஏறும்), வறட்டு இருமல், அப்புறம் மூக்கொழுகல். மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும் குதிரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பவரிடம் ‘இந்நோயில் கோழை வெளியேற்றம் தடைபடும்’ என்று சொன்னால் அவர் எதை நம்புவார்? அதுதான் வெளியேறிக்கொண்டே இருக்கிறதே என்பார். நாம் பேர் வைக்கப் போவது வெளியே தெரியாத ஒரு வேலைக்கு. மூச்சுக்குழலின் உட்பரப்பில் உள்ள நுண்ணிய பிசிர்கள் (ஆங்கிலத்தில் சிலியா) ஒரே திசையில் அசைந்து, தூசும் கிருமியும் ஒட்டிய மெல்லிய கோழைப் படலத்தைத் தொண்டைப் பக்கமாக ஓயாமல் நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. தொண்டைக்கு வந்ததை குதிரை விழுங்கிவிடும், பெரும்பாலும் அதில் ஒரு சொட்டுகூட வெளியே வராது.

குதிரை இன்ஃபுளுவென்சாவைக் கொண்டுவரும் எச்3என்8 வைரஸ் குறிவைப்பது இந்தப் பிசிர் கொண்ட செல்களைத்தான். உடலுக்குள் நுழைந்து ஒன்று முதல் மூன்று நாளில் காய்ச்சல் தொடங்கிவிடும், சில நாளிலேயே பிசிர்ச் செல்கள் திட்டுத்திட்டாக உதிர்ந்து மூச்சுக்குழலின் உள்பக்கம் வெறுமையாகிவிடும். காய்ச்சல் விட்டு, தீவனம் எடுக்கத் தொடங்கி, பார்க்க நன்றாகத் தெரியும் குதிரைக்குக்கூட உள்ளே அந்தப் பரப்பு முழுதாகத் திரும்பி வளர மூன்று வாரமாவது ஆகும். அதற்குள் வைக்கோல் தூசும், தொண்டையில் வழக்கமாகவே குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களும் கீழே இறங்கினால் தடுக்க ஆளில்லை. நிமோனியா வருவது இந்த வழியாகத்தான். காய்ச்சல் அடித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான்.

கட்டுரையில் நான் எடுத்துக்கொண்ட நிகழ்வு 2008-இல் ஜம்முவின் கட்ராவில் தொடங்கிய நோய்ப்பரவல். வைஷ்ணோதேவி கோயிலுக்குப் பக்தர்களையும் சுமையையும் ஏற்றிச் செல்லும் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் நெருக்கமாகக் கட்டப்படும் ஊர் அது. இந்தியாவில் 1987-இல் வந்துபோன நோய் இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின் அங்கே வெடித்து, அடுத்த ஆண்டு வரை பல மாநிலங்களுக்குப் பரவியது; ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம்தான் அது எச்3என்8 என்று உறுதிசெய்தது. இதே நோய் 2007-இல் ஆஸ்திரேலியாவில் நுழைந்தபோது நடமாட்டத்தை நிறுத்தி, தடுப்பூசி போட்டு, சில மாதங்களில் நாட்டைவிட்டே ஒழித்துக்கட்டினார்கள். கட்ராவில் நிலைமை வேறு: மலைப்பாதையில் அன்றாடக் கூலிக்கு ஓடும் ஒரு மட்டக்குதிரைக்கு மூன்று வார ஓய்வு என்றால், அதை வைத்திருக்கும் குடும்பத்துக்கு மூன்று வார வருமானம் போச்சு. அந்த மனிதரிடம் ‘ஓய்வு கொடுங்கள்’ என்று மட்டும் சொன்னால் போதாது. உள்ளே எது அறுந்துபோயிருக்கிறது, அது ஏன் இன்னும் ஆறவில்லை என்று சொல்ல ஒரு பெயர் வேண்டும். நான் இவ்வளவு மல்லுக்கட்டுவது அதற்காகத்தான்.

> ‘கோழையேற்றம்’ அழகாக இருக்கிறது. கீழிருந்து மேலே ஏற்றுவதுதானே.

மனிதருக்குச் சரி அக்கா. குதிரை நாளின் பெரும்பகுதி தலையைத் தாழ்த்தி மேய்கிற விலங்கு, அப்போது அதன் மூச்சுக்குழல் தொண்டையை நோக்கிச் சரிந்திருக்கும், கோழை ஏறுவதில்லை, இறங்குகிறது. பிசிரின் வேலையில் பாதியை அந்தச் சரிவே செய்து கொடுக்கிறது. வண்டியில் ஏற்றி, தலையைத் தாழ்த்த முடியாதபடி உயரக் கட்டிவைத்தால், நோயே இல்லாத குதிரைக்குக்கூட ஒரு நாளுக்குள் மூச்சுக்குழலில் பாக்டீரியா பெருகிவிடுகிறது, நீண்ட பயணத்துக்குப் பிறகு நுரையீரலிலும் அதன் உறையிலும் சீழ் பிடிப்பதற்கு இது முக்கியக் காரணம். பிசிர் உதிர்ந்த குதிரையை அப்படிக் கட்டினால் கேட்கவே வேண்டாம். ‘தீவனத்தைத் தரையில் வை, வைக்கோலை நனைத்துப் போடு’ என்கிற அறிவுரை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. ‘ஏற்றம்’ என்று பெயர் வைத்துவிட்டு, அடுத்த பத்தியிலேயே ‘இறங்க விடு’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே என் முன்மொழிவு: கோழையுந்தல்.

உந்துவதற்கு மேல் கீழ் கிடையாது, முன்னோக்கித் தள்ளுவது மட்டும்தான். வினையாகவும் ஓடும்: கோழை உந்தப்படுகிறது, உந்தல் தளர்கிறது, உந்துவேகம் குறைகிறது. ‘இருமலும் கோழையை உந்தத்தானே செய்கிறது’ என்று யாராவது கேட்கலாம், நியாயமான கேள்வி. அதனால் கட்டுரையில் முதல் முறை வரும் இடத்தில் ‘பிசிர்வழிக் கோழையுந்தல்’ என்று முழுதாகப் போட்டுவிட்டு, பிறகு சுருக்கலாம். இருமல் என்பது இந்த உந்தல் தோற்றபின் உடம்பு எடுக்கும் அடுத்த வழி என்று இரண்டையும் பிரித்துச் சொல்லவும் இடம் கிடைக்கிறது.

இன்னொன்று முடிவாக வேண்டும். சிலியாவுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘குற்றிழை’, இலங்கை நூல்களில் ‘பிசிர்’. நான் பிசிர் பக்கம். துணியில் நிற்கும் பிசிரைப் பார்த்த எவருக்கும் விளக்கவே வேண்டாம், கூட்டுச்சொல்லிலும் இடிக்காமல் உட்காருகிறது. ‘குற்றிழைவழிக் கோழையுந்தல்’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ழகரம் மூன்று வருகிறது.

‘நோய்க்குப் பிந்தைய இருமலை ஆஸ்துமா என்றே சொல்லலாமே’ என்று கேட்டவருக்கு: வேண்டாம். குதிரை ஆஸ்துமா என்பது வைக்கோல் தூசும் பூஞ்சையும் கிளப்பும் நாட்பட்ட அழற்சிக்கு இப்போது வழங்கும் பெயர். வைரஸுக்குப் பின் சில வாரம் நீடிக்கும் இருமல் தானாக ஆறக்கூடியது, இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால் குதிரைக்காரர் அனாவசியமாகப் பயப்படுவார்.

பிசிரா குற்றிழையா என்பதற்கு மட்டும் இந்த வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள், படத்தில் உறுப்புகளின் பெயர் எழுதும் வேலை அதற்காகத்தான் நிற்கிறது.